பள்ளிகளில் மாணவரிடைத் துன்புறுத்தல் குறித்த கணக்கெடுப்பு

மாணவரிடைத் துன்புறுத்தல் குறித்த கணக்கெடுப்பு என்பது, பள்ளியில் பயிலும் மாணவர்கள் தம் சக மாணவர்களால் எந்த அளவுக்கு, எவ்வெவ் வழிகளில் துன்புறுத்தப்படுகின்றனர் என்பதை அம்மாணவர்களிடமே வினவி அறியும் ஆய்வு முறை ஆகும். பெரும்பாலும் பெயர் எழுதத் தேவையில்லாத வினாக்கொத்து ஒன்றின் மூலம் இது நடத்தப்படுகின்றது. ஆங்கில வழக்கில் 'புல்லியிங்' எனப்படும் இத்துன்புறுத்தல், ஆசிரியரின் பார்வைக்கு எட்டாத இடங்களிலேயே மிகுதியாக நிகழ்கின்றது. துன்புறும் மாணவர்களிற் பலர் அதை எவரிடமும் சொல்வதில்லை. எனவே பள்ளிக்கு வரும் புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டு துன்புறுத்தலின் அளவை அறிய இயலாது. இக்குறையை நீக்கும் பொருட்டே மாணவரிடம் நேரடியாக வினவும் முறை உருவானது.

இத்தகைய கணக்கெடுப்பு தரும் விடை, அது எச்சொற்களால், எச்சூழலில், யாரால் கேட்கப்படுகின்றது என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது. மேலும், கேட்டபின் என்ன செய்யப்படுகின்றது என்பது மாணவரின் பாதுகாப்பையே தீர்மானிக்கக்கூடியது.

வரைவிலக்கணம்

இத்துறையில் முதன்மையானவராகக் கருதப்படுபவர், சுவீடனில் பிறந்து நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியசு (1931–2020) ஆவார். அவருடைய வரைவிலக்கணம் மூன்று கூறுகளைக் கொண்டது.

- செயல் வேண்டுமென்றே செய்யப்படுவதாக இருத்தல்.
- அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழ்தல்.
- இரு தரப்பினருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல்.

ஒத்த வலிமையுடைய இருவர் சண்டையிடுவது இவ்வரைவிலக்கணத்தில் அடங்காது. வலிமை என்பது இங்கு உடல் வலிமையை மட்டும் குறிப்பதன்று. வயது, எண்ணிக்கை, பணம், சாதி, மொழி, வகுப்பில் உள்ள செல்வாக்கு ஆகிய யாவும் வலிமையின் வடிவங்களே.

தமிழ்ச் சொற்கள்

'புல்லியிங்' என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் அன்றாடத் தமிழில் இல்லை. துன்புறுத்தல், கொடுமைப்படுத்தல் ஆகியவை எழுத்து வழக்கில் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் தமக்கு நேர்வதைக் 'கொடுமை' என்று கருதுவது அரிது. மாணவர் வழக்கில் உள்ள சொற்கள் வேறு.

- கேலி, கிண்டல், ஓட்டுதல், கலாய்த்தல்: நட்புடன் கூடிய விளையாட்டுப் பேச்சு முதல் மனத்தைப் புண்படுத்தும் இழிவுரை வரை இவை குறிக்கும். சொல்லை மட்டும் கொண்டு எது எனப் பிரித்தறிய இயலாது.
- பட்டப்பெயர் வைத்தல்: நிறம், உடலமைப்பு, பேச்சுக் குறைபாடு, பெற்றோரின் தொழில், வசிக்கும் தெரு ஆகியவற்றை வைத்து அழைத்தல்.
- சீண்டல், வம்பிழுத்தல்: தூண்டிவிட்டுச் சண்டைக்கு இழுத்தல்.
- ஒதுக்குதல், சேர்த்துக்கொள்ளாமை, 'டூ' விடுதல்: பேச்சை நிறுத்தல், விளையாட்டிலும் உணவு வேளையிலும் விலக்கி வைத்தல். பலர் கூடி ஒருவருடன் நெடுநாள் பேசாதிருத்தல் இவ்வகையின் கடுமையான வடிவம்.
- மிரட்டல், பறித்தல்: பணம், எழுதுகோல், தின்பண்டம் முதலியவற்றை அச்சுறுத்திப் பெறுதல்.
- ராகிங்: மூத்த மாணவர் புதியவர்களைத் துன்புறுத்தல். இலங்கைத் தமிழில் இது 'பகடிவதை' எனப்படும். இது பெரும்பாலும் கல்லூரி, பல்கலைக்கழகச் சூழலையே குறிக்கும்.

'நீ கொடுமைப்படுத்தப்பட்டாயா?' என்று வினவினால், நாள்தோறும் பட்டப்பெயரால் அழைக்கப்படும் மாணவர்கூட 'இல்லை' என்று விடையளிக்கக் கூடும். 'உன்னைக் கிண்டல் செய்தார்களா?' என்று வினவினால் ஏறத்தாழ அனைவரும் 'ஆம்' என்பர். முதல் வினா உண்மையைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது மிகைப்படுத்திக் காட்டும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சப்பானிய மொழியில் 'இஜிமே' என்ற தனிச்சொல் உள்ளது. சீன மொழியில் 'சிலிங்' என்ற பழைய சொல்லுடன், ஆங்கில ஒலியைத் தழுவிய 'பாலிங்' என்ற புதுச்சொல்லும் வழங்குகின்றது. பீட்டர் சிமித்தும் பிற ஆய்வாளர்களும் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 14 நாடுகளின் 8 வயது, 14 வயது மாணவர்களுக்கு எளிய கோட்டுப் படங்களைக் காட்டி, தத்தம் மொழிச் சொற்கள் எந்தெந்தப் படங்களுக்குப் பொருந்தும் என வினவினர். சொற்களின் எல்லை மொழிக்கு மொழி வேறுபட்டது. இளைய மாணவர்கள் சண்டையையும் துன்புறுத்தலையும் ஒன்றாகவே கருதினர். மூத்தவர்கள் அவற்றைப் பிரித்தறிந்தனர்.

வரலாறு

வடக்கு நோர்வேயில் 1982 இன் இறுதியில் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவரின் கடுந்துன்புறுத்தலே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதப்பட்டது. இதனைத் தொடர்ந்து அந்நாட்டு அரசு 1983 இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பகுதியாக ஓல்வியசின் வினாக்கொத்து ஏறத்தாழ 130,000 மாணவர்களிடம் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 15 விழுக்காட்டு மாணவர்கள் துன்புறுத்துபவராகவோ துன்புறுத்தப்படுபவராகவோ இருப்பது தெரியவந்தது. பேர்கன் நகரின் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடம் 1983 முதல் 1985 வரை கணக்கெடுப்பு மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டு, தடுப்புத் திட்டத்தின் பயன் அளக்கப்பட்டது. ஒரு முறை எண்ணிவிட்டு நிறுத்தாமல், நடவடிக்கைக்கு முன்னும் பின்னும் எண்ணும் வழக்கம் இங்கிருந்தே பரவியது.

உலக சுகாதார அமைப்பு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களுடன் இணைந்து உருவாக்கிய உலகப் பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு 2003 முதல் பல நாடுகளில் நடத்தப்பட்டு வருகின்றது. உணவு, புகையிலை, மனநலம் ஆகியவற்றுடன் சக மாணவரின் துன்புறுத்தல் பற்றியும் இதில் வினவப்படுகின்றது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் பிசா தேர்வின் மாணவர் வினாக்கொத்தில் 2015 முதல் இப்பொருள் இடம்பெற்றுள்ளது. யுனெசுகோ 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய மாதத்தில் ஒரு முறையேனும் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்தார்.

புகாரும் கணக்கெடுப்பும்

புகார்ப் பதிவுக்கும் மாணவர் கூற்றுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ராகிங் பற்றிய ஆய்வு, 37 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 10,632 மாணவர்களிடம் வினவியது. ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் ராகிங்குக்கு உள்ளானதாகக் கூறினர். அவர்களுள் 8.6 விழுக்காட்டினர் மட்டுமே அதை முறையாகத் தெரிவித்திருந்தனர். இவர்கள் கல்லூரி மாணவர்கள். ராகிங் தடைச்சட்டம், உதவித் தொலைபேசி எண் முதலியவற்றை அறிந்தவர்கள். பள்ளிச் சிறுவர் அவ்வளவுகூட அறியார்.

ஆகவே, 'எங்கள் பள்ளியில் ஒரு புகாரும் இல்லை' என்னும் கூற்று இரு பொருள் தரக்கூடியது. துன்புறுத்தல் இல்லாதிருக்கலாம், அல்லது சொல்ல வழி இல்லாதிருக்கலாம்.

மறுபுறம், எண்ணிக்கை உயர்வது எப்போதும் நிலைமை மோசமானதைக் குறிப்பதில்லை. சப்பானியக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் 'இஜிமே' நிகழ்வுகளைத் திரட்டி வெளியிடுகின்றது. 2005 ஆம் ஆண்டுக்குரிய எண்ணிக்கை ஏறத்தாழ 20,000. 2006 க்குரியது ஏறத்தாழ 125,000. ஓராண்டில் சிறுவர் ஆறு மடங்கு கொடியவராகிவிடவில்லை. பாதிக்கப்பட்ட மாணவரின் நோக்கில் நின்று மதிப்பிட வேண்டும் என வரைவிலக்கணம் மாற்றப்பட்டதே காரணம்.

வினாக்கொத்தின் அமைப்பு

இரு முறைகள் வழக்கில் உள்ளன.

முதல் முறையில், துன்புறுத்தல் என்றால் என்ன என்று ஒரு பத்தியில் விளக்கிவிட்டு, அது நேர்ந்ததா என வினவப்படும். ஓல்வியசின் வினாக்கொத்தும் உலக சுகாதார அமைப்பின் தொடக்ககால வினாக்கொத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. விளக்கத்தை மாணவர் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்வர் என்பது இம்முறையின் எதிர்பார்ப்பு.

இரண்டாம் முறையில், துன்புறுத்தல் என்ற சொல்லே இடம்பெறாது. செயல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கப்படும். எடுத்துக்காட்டாக:

- கடந்த 30 நாட்களில், உனக்குப் பிடிக்காத பெயரால் உன்னை யாரேனும் கூப்பிட்டார்களா?
- உன்னை வேண்டுமென்றே விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டார்களா?
- உன் பொருளைப் பிடுங்கியோ மறைத்தோ வைத்தார்களா?
- உன்னைப் பற்றிய படத்தையோ செய்தியையோ கைப்பேசியில் மற்றவர்களுக்கு அனுப்பினார்களா?

இவற்றிற்கான விடைகள் 'ஒருபோதும் இல்லை', 'ஓரிரு முறை', 'மாதம் இரண்டு மூன்று முறை', 'வாரம் ஒரு முறை', 'வாரம் பல முறை' எனப் படிநிலையில் அமையும். மாதம் இரண்டு மூன்று முறை அல்லது அதற்கு மேல் நேர்வதையே தொடர் துன்புறுத்தலாகக் கொள்ளுதல் ஆய்வாளரிடையே பரவலான வழக்கம். இந்த எல்லைக்கோட்டை மாற்றினால் விழுக்காடும் மாறும். ஆகவே இரு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது, வினவப்பட்ட காலம் ஒரு மாதமா, ஓர் ஆண்டா என்பதையும் எல்லைக்கோட்டையும் முதலில் நோக்க வேண்டும்.

நல்ல வினாக்கொத்து மேலும் நான்கினை அறிய முற்படும்: எங்கே நிகழ்ந்தது, நீ யாரிடமாவது சொன்னாயா, சொன்னபின் என்ன ஆயிற்று, பிறருக்கு நிகழ்ந்ததை நீ கண்டபோது என்ன செய்தாய். 'எங்கே' என்னும் வினாவே பள்ளிக்கு உடனடியாகப் பயன்படுவது. கழிப்பறை அருகிலா, மிதிவண்டி நிறுத்துமிடத்திலா, சத்துணவு உண்ணும் இடத்திலா, பேருந்திலா என்பது தெரிந்தால், அவ்விடத்தில் ஓர் ஆசிரியரை நிறுத்துவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

சீனாவிலும் சப்பானிலும்

சீனாவில் 2003 ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பின் கணக்கெடுப்பு பெய்சிங், காங்சோ, வூகான், உரும்சி ஆகிய நான்கு நகரங்களில் நடைபெற்றது. திருத்தப்பட்ட சிறார் பாதுகாப்புச் சட்டம் 2021 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாணவரிடைத் துன்புறுத்தலுக்கு அது சட்டப்படியான வரைவிலக்கணம் ஒன்றை அளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி அமைச்சின் விதிகள், பள்ளிகள் குறித்த கால இடைவெளியில் மாணவர் அனைவரிடமும் துன்புறுத்தல் குறித்த தனிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் எனப் பணித்தன. இவ்வாறு, ஆய்வாளரின் கருவியாக இருந்த கணக்கெடுப்பு அங்கு பள்ளியின் கடமையாக மாறியது.

சப்பானில் இம்மாற்றம் ஒரு துயர நிகழ்வின் வழியே வந்தது. ஓட்சு நகரில் 2011 அக்டோபரில் 13 வயது மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் பள்ளி, மாணவரிடம் வினாக்கொத்து மூலம் விவரம் கேட்டது. பலர் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தனர். ஆனால் விசாரணை சில வாரங்களில் முடித்துக்கொள்ளப்பட்டது. மாணவர் எழுதியவற்றின் பெரும்பகுதி 2012 சூலையில் ஊடகங்கள் வழியாகவே வெளியே வந்தது. இதனால் எழுந்த கொந்தளிப்பை அடுத்து 2013 இல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளிகள் காலமுறைப்படி கணக்கெடுப்பு நடத்துவது அச்சட்டத்தில் கடமையாக்கப்பட்டது. ஓட்சு நிகழ்வில் குறை கேட்பதில் இல்லை. கேட்டதன்பின் செய்ததில் இருந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் சிறுவரிடம் வினவி நடத்தப்பட்ட பெரிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பெரியவர்களால் நேரும் துன்பத்தையே அளந்தன. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 சிறுவரிடம் வினவியது. பள்ளி செல்வோருள் 65 விழுக்காட்டினர் ஆசிரியரின் உடல் தண்டனைக்கு உள்ளானதாகக் கூறினர். தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களுள் இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009–10 இல் 7 மாநிலங்களில் 6,632 மாணவரிடம் வினவியபோது, தமக்கு எவ்விதத் தண்டனையும் தரப்படவில்லை என்றவர் 9 பேர் மட்டுமே.

சக மாணவரின் துன்புறுத்தல் குறித்த வினாக்கள் அடங்கிய உலக சுகாதார அமைப்பின் கணக்கெடுப்பு 2007 இல் இந்தியாவில் நடத்தப்பட்டது. எனினும் அது நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் மட்டும் நிகழ்ந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழி பயிலும் மாணவரின் நிலையை அதிலிருந்து அறிய இயலாது. இவ்வாரியம் 2015 இல் தன் பள்ளிகள் துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைக்க வேண்டும் என அறிவுறுத்தியது.

பிசா தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் ஒரே ஒரு முறை, 2009 ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் பங்கேற்றன. துன்புறுத்தல் பற்றிய வினாக்கள் அத்தேர்வில் இடம்பெற்றது அதற்குப் பின்னரே. எனவே உலக ஒப்பீட்டு அட்டவணைகளில் தமிழ்நாட்டு மாணவரின் கூற்று இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டில்

அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு 1996 இல் கொலை செய்யப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு 1997 இல் ராகிங் தடைச்சட்டத்தை இயற்றியது. ஆயினும் ராகிங் என்னும் சொல் மூத்தவர் புதியவரைத் துன்புறுத்துவதையே நினைவூட்டுகின்றது. ஒரே வகுப்பில், ஒரே வயதில் உள்ளவர்களிடையே நிகழும் துன்புறுத்தல் அச்சொல்லின் வழக்குப் பொருளில் எளிதில் அடங்குவதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இத்தகைய துன்புறுத்தலைச் சாதியிலிருந்து பிரித்து நோக்குவது பல இடங்களில் இயலாது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்குமாறு 2019 இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழவே அது நடைமுறைப்படுத்தப்படாது என அப்போதைய அமைச்சர் அறிவித்தார்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகத்து 9 அன்று, பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். அவரோடு ஒரே பள்ளியில் பயின்ற ஆதிக்க சாதி மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தியதால் அவர் பள்ளிக்குச் செல்லாதிருந்தார். காரணம் வினவப்பட்டபோது நடந்ததைப் பள்ளியில் தெரிவித்தார். அதன் பின்னரே தாக்குதல் நிகழ்ந்தது. சொல்லாதிருத்தல் கோழைத்தனம் என்று கருதுவோர் இந்நிகழ்வை நினைவிற் கொள்ள வேண்டும். சொன்னவர் இன்னார் என்பது வெளிப்படும் வழியில் ஒரு சிறுவரைப் பேசவைத்துவிட்டு, அவருக்குப் பாதுகாப்பு அளிக்காமல் விடுவது, கேளாதிருப்பதைவிடத் தீங்கானதாக முடியக்கூடும்.

இந்நிகழ்வை அடுத்து ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. குழுவின் அறிக்கை 2024 சூன் 18 அன்று முதலமைச்சர் மு. க. இசுடாலினிடம் அளிக்கப்பட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், வண்ணக் கயிறு முதலிய அடையாளங்களைத் தடை செய்தல், மாணவரின் குறை கேட்கப் பள்ளி நல அலுவலர்களை நியமித்தல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் சில.

தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் 36 மாவட்டங்களில் 441 பள்ளிகளைச் சேர்ந்த 644 மாணவரிடம் சாதிப் பாகுபாடு குறித்து வினவி ஒரு கணக்கெடுப்பை நடத்தின. இப்பள்ளிகளுள் 321 அரசுப் பள்ளிகள். 58 அரசு உதவிபெறும் பள்ளிகள். 62 தனியார் பள்ளிகள். ஒரு பள்ளிக்குச் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு மாணவரே வினவப்பட்டதால், எத்தனை விழுக்காட்டு மாணவர் பாதிக்கப்படுகின்றனர் என்பதை இதிலிருந்து கணிக்க இயலாது. ஆனால் எவ்வெவ் வடிவங்களில் பாகுபாடு நிலவுகின்றது, அது எத்துணைப் பரவலானது என்பதை அறிய இத்தகைய கணக்கெடுப்பு பயன்படும். அளவை அறிதலும் வகையை அறிதலும் வெவ்வேறு பணிகள். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மாதிரியெடுப்பு முறை வேறு.

எடுத்துக்காட்டு: அனகாபுத்தூர்

கணக்கெடுப்பு அந்தந்த ஊரின் சூழலுக்கேற்ப அமைய வேண்டும் என்பதை விளக்க, சென்னையின் தென்புறநகரான அனகாபுத்தூரை எடுத்துக்கொள்ளலாம். அடையாற்றின் கரையில், பம்மல், பல்லாவரம் ஆகியவற்றை அடுத்து அமைந்துள்ள இவ்வூர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு இங்கு சேலைகள் நெய்யப்படுகின்றன. தனி நகராட்சியாக இருந்த அனகாபுத்தூர், 2021 இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆற்றங்கரையில் வாழ்ந்த பல நூறு குடும்பங்களின் வீடுகள் 2025 மே மாதத்தில் அகற்றப்பட்டு, அக்குடும்பங்கள் தொலைவிலுள்ள வாரியக் குடியிருப்புகளில் மறுகுடியமர்த்தப்பட்டன.

இத்தகைய புறநகர்ப் பகுதியின் பள்ளி ஒன்றில் கணக்கெடுப்பு நடத்துவோர், வெளிநாட்டு வினாக்கொத்தை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் பலவற்றைத் தவறவிடுவர்.

முதலாவது, முகவரி. சென்னைப் பகுதியில் மறுகுடியமர்வுக் குடியிருப்பின் பெயரே இழிவாகப் பயன்படுத்தப்படுவது உண்டு. கண்ணகி நகரைச் சேர்ந்த இளைஞர் பலர் வேலை தேடும்போது தம் முகவரியை மறைக்க நேர்வது பலகாலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. வீடு இழந்து, ஆண்டின் நடுவில் புதிய பள்ளியில் சேரும் மாணவருக்கு அங்கு நண்பர் எவரும் இலர். ஆகவே, 'நீ வசிக்கும் இடத்தைச் சொல்லி உன்னை இழிவாகப் பேசினார்களா?' என்ற வினா இங்கு இன்றியமையாதது.

இரண்டாவது, மொழி. புறநகர்த் தொழிற்கூடங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் வேலை செய்யும் வடமாநிலத்தவரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்கின்றனர். தமிழில் மட்டும் அச்சிட்ட வினாக்கொத்து இவர்களின் குரலை விட்டுவிடும். இவர்களுக்கு வினாக்களை வாய்மொழியாகப் படித்துக்காட்டுவதும் இந்தியில் தருவதும் பயன்தரும்.

மூன்றாவது, அடையாளம் மறைத்தல். ஒரு வகுப்பில் இந்தி பேசும் மாணவி ஒருவரே இருந்தால், தாய்மொழி என்ன என்ற வினாவுக்கு அவர் விடையளித்த அளவிலேயே அவர் யார் என்பது வெளிப்படும். சாதி, தெரு, முன்பு பயின்ற பள்ளி ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். இதனைத் தவிர்க்க, இத்தகைய விவரங்கள் வகுப்புவாரியாக வெளியிடப்படாமல், பல பள்ளிகளுக்கும் சேர்த்துத் தொகுக்கப்பட வேண்டும்.

நான்காவது, இடம். பள்ளி முடிந்தபின் பேருந்து நிறுத்தம், தனிப்பயிற்சி வகுப்பு, வாட்சப் குழு ஆகியவற்றிலும் துன்புறுத்தல் தொடர்கின்றது. 'பள்ளி வளாகத்தில்' என்று மட்டும் வினவினால் இவை எண்ணிக்கையில் அடங்கா.

அறநெறிகள்

சிறுவரிடம் ஆய்வு நடத்தும்போது பெற்றோரின் இசைவும் மாணவரின் உடன்பாடும் பெறப்பட வேண்டும். விரும்பாத வினாவை விட்டுவிடவும், இடையில் நிறுத்திக்கொள்ளவும் மாணவருக்கு உரிமை உண்டு என்பதை முதலிலேயே கூற வேண்டும். பின்வருவனவும் கடைப்பிடிக்கத் தக்கவை.

- வகுப்பு ஆசிரியரல்லாத வேறொருவர் வினாக்கொத்தை வழங்கித் திரும்பப் பெறுதல். துன்புறுத்துபவர் பக்கத்து இருக்கையில் இருக்கலாம் என்பதால் இடைவெளி விட்டு அமர்த்துதல்.
- அனைவரும் ஒரே நேரத்தில் எழுதி முடித்தல். பாதிக்கப்பட்டவர் மட்டும் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். ஆதலால் நேரவில்லை என்பவருக்கும் அதே எண்ணிக்கையில் வினாக்கள் இருக்க வேண்டும்.
- கையெழுத்தைக் கொண்டு அடையாளம் காண இயலாதவாறு, எழுதுவதற்கு மாறாக வட்டமிடும் விடைகளை மிகுதியாக வைத்தல்.
- நிறைவேற்ற இயலாத உறுதிமொழி தராதிருத்தல். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 இன்படி, அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதைத் தெரிவிப்பது கடமை. எனவே 'எதையும் எவரிடமும் சொல்லமாட்டோம்' என்று கூறாமல், எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்னரே விளக்க வேண்டும்.
- வினாத்தாளின் இறுதியில் உதவி கிடைக்கும் வழியைக் குறிப்பிடுதல். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் பெட்டியும் மாணவர் தம் குறைகளை எழுதிப் போடுவதற்கென வைக்கப்பட்டுள்ளது.

குறைபாடுகள்

கணக்கெடுப்பு நாளில் பள்ளிக்கு வந்தவரே விடையளிக்கின்றனர். துன்புறுத்தலுக்கு அஞ்சி விடுப்பெடுத்தவரும் பள்ளியை விட்டே விலகியவரும் அதில் இடம்பெறார். நாங்குநேரி மாணவர் பள்ளிக்குச் செல்லாதிருந்த நாட்களில் அங்கு ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால், அவருடைய விடை அதில் இருந்திராது. இதனால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரே எண்ணப்படாது போகும் வாய்ப்பு உள்ளது. வருகைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ் பெற்றோர் விவரத்தையும் உடன்வைத்து நோக்குவது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

தாம் பிறரைத் துன்புறுத்தியதை ஒப்புக்கொள்ள மாணவர் தயங்குவர். விளையாட்டாகத் தவறான விடையளிப்போரும் உண்டு. இளைய வகுப்பினர் 'கடந்த 30 நாட்கள்' என்பதைத் துல்லியமாக நினைவுகூர இயலாது. அவர்களுக்குப் 'பொங்கல் விடுமுறைக்குப் பின்' என்பது போன்ற குறிப்பு எளிதாக இருக்கும்.

முதல் கணக்கெடுப்பை அடுத்து விழிப்புணர்வு பெருகுவதால், இரண்டாவதில் எண்ணிக்கை உயரலாம். இதனைத் தோல்வி எனக் கருதிப் பள்ளிகள் கணக்கெடுப்பைக் கைவிடுவது உண்டு. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த இவ்வெண்களைப் பயன்படுத்தினால், குறைந்த எண்ணைக் காட்டும் நோக்கில் மாணவர் மீது அழுத்தம் தரப்படும் அபாயமும் உள்ளது.

பயன்பாடு

கணக்கெடுப்பின் முடிவை மாணவருக்கே தெரிவிப்பது அதன் இறுதிக் கட்டம் ஆகும். எந்த இடம் பாதுகாப்பற்றது என்று மாணவர் கூறினர், அதற்குப் பள்ளி என்ன செய்யப்போகின்றது என்பதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்கலாம். தனிமாணவரைச் சுட்டும் எச்செய்தியும் அதில் இடம்பெறக் கூடாது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா திட்டத்தில், துன்புறுத்தலைத் தடுக்கும் பாடங்களுடன் ஆண்டுதோறும் மாணவர் கணக்கெடுப்பும் இணைக்கப்பட்டுள்ளது. நேரில் காணும் மாணவர்கள் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்பதே துன்புறுத்தலைக் குறைக்கும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை.

முதல் முறை கேட்கப்படும்போது மாணவர் நம்பி விடையளிப்பர். அதன்பின் எதுவும் மாறவில்லை எனில், அடுத்த முறை 'ஒருபோதும் இல்லை' என்பதையே வட்டமிடுவர். அவ்வாறு பெறப்படும் குறைந்த எண், புகார் இல்லாத பதிவேட்டைப் போலவே பொருளற்றது.